தொண்ணூற்றொன்பதும் நானும்

ஐபிஎம் ஏஎஸ்/400-இல் ஓடும் பழைய ஆர்பிஜி புரோகிராம்களில் 01 முதல் 99 வரை இண்டிகேட்டர்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஆன் அல்லது ஆஃப், அவ்வளவுதான். ரெக்கார்டு கிடைத்ததா, ஃபைல் முடிந்ததா, யூசர் எஃப்3 அமுக்கினாரா, எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு நம்பர். எந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்பது எழுதியவன் தலையில் இருக்க வேண்டும். என் தலையில் சாயங்காலம் வரைகூட இருந்ததில்லை.

எனக்கு ராசியான நம்பர் 99. கடைசி நம்பர், வேறு யாரும் தொட மாட்டார்கள் என்று நம்பினேன். வேறு யாரும் தொடவும் இல்லை.

ஒரு பில்லிங் புரோகிராமில் கஸ்டமர் மாஸ்டர் ஃபைலில் ஆளைத் தேட செயின் கட்டளை எழுதி, அதற்கு 99-ஐப் போட்டேன். செயினில் ஒரு குசும்பு உண்டு: ரெக்கார்டு கிடைக்காவிட்டால்தான் இண்டிகேட்டர் ஆன் ஆகும். ஆன் என்றால் ஆள் இல்லை. நடுவில் விலை எடுக்கும் சப்ரூட்டீனைக் கூப்பிட்டேன். அதற்குள்ளும் ஒரு செயின், அதிலும் 99. அதை எழுதிய புண்ணியவானும் நானே. விலை கிடைத்தது, 99 ஆஃப் ஆனது, மாஸ்டரில் இல்லாத கஸ்டமருக்கு பில் விழுந்தது. செயின் தோற்றால் ஃபீல்டுகளில் பழைய மதிப்பே தங்கிவிடும். ஆகவே அந்த பில், முந்தைய கஸ்டமரின் பெயரில், முகவரியோடு ஜம்மென்று வந்தது. "டேட்டா பிராப்ளம் சார்" என்றேன் லீடிடம். அவர் சோர்ஸைத் திறந்து பார்த்தார். பிறகு, "டீமுக்கு ஸ்டாண்டர்ட்ஸ் டாகுமெண்ட் நீயே எழுதுப்பா" என்றார்.

தண்டனைதான். ஆனால் நான் அதைப் பதவி உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டேன். ஆர்பிஜி 4 வந்தது 1994-இல். அதற்கப்புறம் வந்த வெர்ஷன்களில் இண்டிகேட்டருக்குப் பெயரே வைக்கலாம், ரெக்கார்டு கிடைத்ததா என்று நம்பருக்குப் பதில் ஃபவுண்ட் ஃபங்ஷனைக் கேட்கலாம். நம்பர் கூடாது, ஃபவுண்டை ஃபைல் பெயரோடுதான் கேட்க வேண்டும் என்றெல்லாம் கறாராக எழுதினேன். எழுதிய கையோடு என் புரோகிராமையும் மாற்றினேன். 99 இருந்த இடத்திலெல்லாம் ஃபவுண்ட். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்: 99 ஆன் என்றால் இல்லை, ஃபவுண்ட் ஆன் என்றால் இருக்கிறது. டெஸ்டிங்கில், இருக்கிற கஸ்டமர்கள் அத்தனை பேரும் 'கஸ்டமர் இல்லை' என்று திரும்பி வந்தார்கள். நல்லவேளை, அது டெஸ்டிங்.

பெயர் வைக்கும் உரிமை கிடைத்ததும் நான் முதலில் வைத்த பெயர் ஃபிளாக்1. அடுத்தது ஃபிளாக்2. பெயர் வைக்க வேண்டுமானால் அந்த ஃபிளாக் எதற்கு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதானே இத்தனை காலம் 99-ஐக் கட்டிக்கொண்டு அழுதேன்? ரிவியூவில் திட்டு வாங்கி ஃபிளாக்1-ஐ 'நாட்ஃபவுண்ட்' ஆக்கினேன். அதை 'இஃப் நாட் நாட்ஃபவுண்ட்' என்று சோதித்தேன்.

புதிதாகச் சேர்ந்த பெண் அந்த வரியில் கர்சரை நிறுத்திக் கேட்டாள்: "அண்ணா, இது ஆன்ல இருந்தா நல்லதா, கெட்டதா?"

"எந்த இடம்ங்கறதைப் பொறுத்து" என்றேன், சீனியர் குரலில்.

அவள் வாதாடவில்லை. 'கஸ்டமர் இருக்கிறார்' என்று அர்த்தம் வருகிற பெயராக மாற்றி, இரண்டு 'நாட்'டையும் எடுத்துவிட்டாள். ஃபிளாக்2 எதற்கு என்று அடுத்து கேட்டாள். யோசிக்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன்; அதற்குள் அவளே தேடிவிட்டாள். ஆன் செய்கிற வரிகள் இருந்தன, ஆஃப் செய்கிற வரிகளும் இருந்தன. அது ஆனா ஆஃபா என்று பார்க்கிற வரி ஒன்றுகூட இல்லை.