ரெண்டே பேர்தான்!

வேப்பந்தட்டையில் ஆத்தூர் ரோட்டோரத்து டீக்கடையில் எந்தச் சாயங்காலம் போய் நின்றாலும் இவரைப் பார்க்கலாம். வயது நாற்பதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளைகள் இரண்டு. கொஞ்சம் மக்காச்சோளம், கொஞ்சம் சின்ன வெங்காயம், கொல்லையில் ஒரு ஜெர்சி கிராஸ் மாடு. கையில் போன். அந்தப் போனில் எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு ஓட்டலின் கட்டில், வெள்ளை விரிப்பும் அதன்மேல் ரோஜா இதழுமாகத் திறந்து கிடக்கும்.

"ரூமு எப்புடி இருக்கு பாருங்கண்ணே. சன்னலத் தொறந்தா கடலு."

"யாரு யாருப்பா போறீங்க?"

"ரெண்டே பேர்தான்."

இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணியும். டீ மாஸ்டர் வடிகட்டியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காகவே இவர் இந்த ரூமைத் தினமும் திறந்து வைத்திருக்கிறார் என்பது என் சந்தேகம்.

ஒருத்தர்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அரும்பாவூரில், பூலாம்பாடியில், கை.களத்தூரில் எல்லாம் இவர் வேறு வேறு சட்டையில் இருக்கிறார். மனைவியோடு சனி ஞாயிறு ஒரு தீம் பார்க், ராத்திரி கடற்கரையோரம் ஒரு ரூம். இதுதான் இவருடைய லட்சியம். நிலம் வாங்குவதைப் பற்றிக்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்.

இவருடைய அப்பாவுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அந்தக் காலத்தில் கல்யாணம் முடிந்தால் விருந்து. ஒவ்வொரு சொந்தக்காரர் வீடாகப் போய்க் கோழிக் குழம்பு சாப்பிட்டு, கடைசியில் இரண்டு பேருக்கும் வயிறு கெட்டுப்போய், ஓமத் தண்ணீரில் முடியும் அந்தத் தேன்நிலவு. ரொம்ப வசதியானவர்கள் முக்கொம்பு, கல்லணை பார்த்துவிட்டுத் திருச்சியில் ஒரு மேட்னி ஷோவும் பார்த்துத் திரும்புவார்கள். தீம் பார்க் என்றால் திருவிழா ராட்டினம்தான். மாமியார், நாத்தனார் எல்லாம் கீழே நிற்க, புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே தொட்டிலில் ஏறுவார்கள். ராட்டினக்காரர் அவர்களுடைய தொட்டில் உச்சிக்குப் போனதும் சரியாக நிறுத்தி, கீழே இன்னொரு தொட்டிலில் சாவகாசமாக ஆள் ஏற்றுவார். மேலே பயத்தில் அந்தப் பெண் பிடித்துக்கொள்ள ஒரு கைதான் இருக்கும். காசு வாங்காமல் அவர் செய்த சேவை அது. இன்றைக்குக் கோடிக் கணக்கில் கொட்டி எழுப்பும் எந்த ரைடிலும் அந்த நுணுக்கமான மனிதருக்கு வேலை இல்லை.

அப்புறம் காலம் மாறியது. ஈசிஆரில் சிரிக்காத சிலை மனிதரைப் பார்க்கப் பள்ளிக்கூடத்து டூர் பஸ்கள் விஜிபிக்குப் போயின. பெரம்பலூர் தனி மாவட்டமான அதே 1995-இல்தான் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர். 2005-இல் பெங்களூரில் வொண்டர்லா. அது பெங்களூரையும் தாண்டி மைசூர் ரோட்டில் பிடதிப் பக்கம் இருந்ததால் நம்ம ஆள் பெருமூச்சோடு விட்டுவிட்டார். 2025 டிசம்பரில் அதே கம்பெனி திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் கடை திறந்ததா, இவருக்குத் தூக்கம் போயிற்று.

பிளான் முதலில் போனில்தான் இருந்தது. பிறகு மகனுடைய பழைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களுக்கு ஏறியது. முன்பக்கம் வகுத்தல் கணக்கு; பின்பக்கம் காதல். நான் பார்த்த ஒரு பக்கம் இப்படிப் போகிறது:

'4.00 வீடு. 6.30 விக்கிரவாண்டி, டீ (பேசிக்கொண்டே). 10.30 உள்ளே. 11.40 அலைக்குளம், கை கோத்தபடி. 1.05 சாப்பாடு. ஒரே தட்டு?'

அந்தக் கேள்விக்குறியில் தெரியும் மனிதர் எவ்வளவு யோசிக்கிறவர் என்று. நோட்டை மனைவியிடம் காட்டினார். அவர் வெங்காயத் தாளை அரிந்துகொண்டே மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"எல்லாஞ் சரிங்க. இதுல நான் ஒண்ணுக்குப் போற நேரம் எங்க இருக்கு?"

ஆள் அசரவில்லை. 11.25-இல் ஐந்து நிமிஷம் ஒதுக்கினார்.

டோல்கேட் விஷயத்தில் இவருக்கு இருக்கும் ஞானத்துக்கு நெடுஞ்சாலைத் துறையே கூப்பிட்டு வேலை கொடுக்கலாம். திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "இந்த ஆத்தூர் நம்ம ஆத்தூர் இல்லண்ணே, திண்டிவனத்தாண்ட இருக்குறது" என்று கேட்காமலே விளக்கமும் வரும். செங்கல்பட்டிலேயே திருப்போரூர் ரோட்டில் திரும்பிவிட்டால் பரனூருக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்று கண்டுபிடித்த அன்றைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் அவர் செலவில் டீ. டோலில் மிச்சமானதை விட டீக்கு ஆனது அதிகம் என்று மாஸ்டர் பிறகு என்னிடம் சொன்னார்.

முதல் இடி துணியில் விழுந்தது. தண்ணீர் விளையாட்டில் இறங்க நைலான் மாதிரித் துணிதான் போட வேண்டும்; பருத்திக்கு அனுமதி இல்லை. நூல் பிரிந்து தண்ணீர் சுத்தம் செய்யும் எந்திரத்தை அடைக்கும், நனைந்தால் ஆளை இழுக்கும் என்று காரணம் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் வேப்பந்தட்டைக்காரனிடம் போய் இதைச் சொல்லலாமா? வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இந்த ஊரில்தான் இருக்கிறது. தாத்தா காலத்தில் இருந்து பருத்தி எடுத்து முள் குத்தின கை அது. "நம்ம வெள்ளாமைய வாசல்லயே நிறுத்திப்புடுவான் போலருக்கே" என்று இரண்டு நாள் வருத்தப்பட்டார். மூன்றாம் நாள் பெரம்பலூர் கடைவீதிக்குப் போய் ஒரே நிறத்தில் இரண்டு செட் நைலான் உடுப்பு எடுத்து வந்தார். ஊதா.

மனைவி கவரைப் பிரித்தார். மூடினார்.

"இதப் போட்டுக்கிட்டு நான் எங்க வரணும்?"

"தண்ணிக்குள்ளதான புள்ள."

"தண்ணி வரைக்கும் நடக்கணுமில்ல?"

அடுத்த சிக்கல் மாடு. நகரத்து ஜோடிகளுக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று வருகிறது; மாட்டுக்கு அது தெரியாது. விடியுமுன் ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை கறந்து சொசைட்டிக்கு ஊற்றியாக வேண்டும். அதுவும் இந்த மாடு அவர் மனைவி கை பட்டால்தான் சுரக்கும். மற்றவர் உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொண்டு, திரும்பி ஒரு பார்வை பார்க்கும். அம்மாவுக்கு மூட்டு வலி, குந்த முடியாது. பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டதற்கு, "கறக்குறேன், ஆனா ஒதச்சா நான் பொறுப்பில்ல, ஒடச்சா நீங்க பொறுப்பு" என்றார். ஆக, காதலுக்குக் குறுக்கே சினிமாவில் நிற்கும் சாதி, அந்தஸ்து, வில்லன் எதுவும் இங்கே இல்லை. ஒரு ஜெர்சி கிராஸ்தான்.

அம்மாவின் முறை வந்தது. அவர் ஒரு வார்த்தைகூடத் தடுத்துப் பேசவில்லை. தடுப்பவர்களை விட ஒத்துக்கொள்பவர்கள்தான் நம்மூரில் பயங்கரம்.

"தாராளமா போய்ட்டு வாங்கப்பா. சிறுவாச்சூர்ல ஒரு கும்புடு போட்டுட்டுக் கெளம்புங்க. அது இல்லாம நம்ம வீட்டு வண்டி எது கெளம்பியிருக்கு?"

சென்னை வடக்கே, மதுரகாளியம்மன் திருச்சி ரோட்டில் தெற்கே. அது போகட்டும். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். ஆகவே சனிக்கிழமைப் பயணம் வெள்ளிக்கிழமைக்கு நகர்ந்தது. வெள்ளிக்கிழமை கோயில் என்றால் அம்மா இல்லாமலா? அம்மா ஏறினால் பிள்ளைகள் மட்டும் வீட்டில் என்ன செய்யும்? "போற வழிதான, மேல்மருவத்தூர்ல அஞ்சு நிமிசம்" என்றார் அம்மா. திருப்போரூர் என்று காதில் விழுந்ததும் அங்கே கந்தசாமியும் சேர்ந்துகொண்டார். ஒரு பக்தரின் ஐபோன் உண்டியலில் விழுந்து, விழுந்தது சாமிக்கே சொந்தம் என்று 2024 டிசம்பரில் பெரிய பேச்சானதே, அந்தக் கோயில்தான். அதை டிவியில் பார்த்திருந்த மனைவிக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் தனி மகிழ்ச்சி.

"மொதல்ல அங்க போவோங்க. உங்க போனையும் கையில எடுத்துக்கிட்டு வாங்க. உண்டியக்கிட்ட நின்னு பாருங்க."

மச்சான் வந்தார். மச்சான்களுக்கு வகுத்தல் கணக்கு நன்றாக வரும். "மாமா, ரெண்டு பேரு போனாலும் டோலு அதேதான், ஏழு பேரு போனாலும் அதேதான். டீசலும் அப்புடித்தான்." யாராலும் மறுக்க முடியாத உண்மை. கார் டிராவலர் வேன் ஆயிற்று. வேன் என்றதும் சித்தப்பா குடும்பம், புளியோதரைக் குண்டான், பின்சீட்டில் தலகாணி. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று இவர் கத்தினார். "வேன்லயே சாப்ட்டுட்டுப் போனா வயித்துக்குள்ள இருக்குறத என்ன பண்ணுவான்?" என்றார் சித்தி. சிறுவர் டிக்கெட்டுக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் கதவு நிலையில் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டார்கள். ஒருத்தனுக்கு மட்டும் இரண்டு விரற்கடை கூடுதல். "அங்கன வந்து கொஞ்சம் குனிஞ்சாப்புல நில்லு" என்று ஒரு வாரம் பயிற்சி நடந்தது. அந்தப் பையன் பள்ளிக்கூடப் பிரார்த்தனையிலும் அப்படியே நின்று திட்டு வாங்கினான்.

இத்தனைக்கும் நடுவில் நோட்டில் அந்த 11.40 மட்டும் அப்படியே இருந்தது. சித்தப்பாவும் மச்சானும் அம்மாவும் குளக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கை கோப்பது எப்படி என்று அவர் யோசிக்காமல் இல்லை. பக்கத்திலேயே சின்னதாக எழுதியிருந்தார்: 'அம்மாவை அந்த நேரம் ஐஸ்கிரீம் கடைக்கு அனுப்பு.'

கடைசியில் எல்லாவற்றையும் ஒரே அடியாக நிறுத்தியது வெங்காயம். அறுத்த சின்ன வெங்காயத்தை விலை ஏறட்டும் என்று பட்டறை போட்டு வைத்திருந்தார். விலை ஏறினால் விற்றுவிட்டுக் கிளம்புவது என்று முடிவு. விலை ஏறும்போது இன்னும் ஏறும் என்று தோன்றும். இறங்கும்போது மறுபடி ஏறட்டும் என்று தோன்றும். பெரம்பலூர் மாவட்டத்தில் எத்தனையோ காதுகுத்து, வீடு கட்டும் வேலை, பல் கட்டும் வேலை இப்படிப் பட்டறைக்குள் கிடந்திருக்கிறது. இவருடைய ரோஜா இதழ் ரூமும் அதில் போய்ப் படுத்தது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மனைவி சேலையை மாற்றிக்கொண்டு பையோடு வந்து நின்றார்.

"குழுவுல எல்லாரும் வேன் புடிச்சிருக்கோம். நாளைக்கி ராத்திரி வந்துருவேன். மாட்ட மட்டும் பாத்துக்கங்க."

"எங்க புள்ள?"

"அந்த வொண்டர்லாதான்."

மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ரஃப் நோட்டு கிடையாது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஒருத்தர் போகலாமா என்றார், மற்றவர்கள் போகலாம் என்றார்கள், தலைக்கு இவ்வளவு என்று வகுத்தார்கள். அவ்வளவுதான். டோல்கேட் எத்தனை என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. டிரைவருக்குத் தெரிந்தால் போதாதா?

ஞாயிறு காலை நம்ம ஆள் மனைவியின் பழைய நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாளியோடு மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசனையை வைத்து ஏமாற்றும் உத்தி. இதையும் போனில்தான் பார்த்தாராம். மாடு முகர்ந்தது. அவருடைய முகத்தையும் பார்த்தது. பிறகு வாளியை எட்டி உதைத்தது. அம்மா திண்ணையில் மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றைக்குச் சொசைட்டியில் இவர் கேனை நீட்டியபோது, "என்னப்பா, மாடு மருந்து பாட்டில்ல கறக்குதா?" என்று கேட்டார்களாம்.

நடுராத்திரிக்கு மேல் மனைவி வந்தார். முடி காயவில்லை. தொண்டை கட்டியிருந்தது. ரோலர் கோஸ்டரில் இரண்டு தடவை ஏறினாராம். முதல் தடவை பயத்தில் கத்தினது, இரண்டாம் தடவை சும்மா கத்தினது. நைலான் உடுப்பு? "எடுத்துட்டுத்தான் போனேன். அந்த ஊதா நல்லாத்தான் இருக்குன்னாங்க." இவருக்கு அந்த ராத்திரியிலும் முகம் மலர்ந்தது. உடனே நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். லாக்கர் எவ்வளவு, வண்டி நிறுத்த எவ்வளவு, எந்த ரைடில் வரிசை நீளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில் மெதுவாக அந்த இடத்துக்கு வந்தார்.

"அலைக்கொளம் எப்புடி? பதினொண்ணே முக்காலுக்கு வுடுறானா?"

"மணியெல்லாம் கெடையாது. சைரன் ஊதுவான், எல்லாம் ஓடணும். கையக் கோத்துக்கலன்னா அலை சாச்சிப்புடும். நான் நம்ம குழுத் தலைவியப் புடிச்சிக்கிட்டேன்."

அவர் 11.40-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 'சைரன்' என்று எழுதினார். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவ எப்பப் போறீங்க? நானும் வரட்டுமா?"

"பொம்பளைங்க மட்டுந்தாங்க." அவர் பாயை உதறி விரித்தார். "வர்ற மாசம் பிளாக் தண்டர்னு பேச்சு. அதுக்குள்ள நீங்க வாளியக் கவுக்காம கறக்கப் பழகிக்கங்க."