சீட்டுக் கட்டத் தவறாத ஆட்கள்

கனடாவில் அக்டோபர் பிறந்தால், பிள்ளைகுட்டிக்காரர்கள்கூட முன்பின் தெரியாத இளைஞர்களின் தொடைத் தசையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடுவார்கள். மக்டேவிட் என்ற ஆட்டக்காரருக்குக் காலில் ஏதோ பிடிப்பாம் என்று காலையில் செய்தி வந்தால் வீட்டில் கோப்பி ஆறிப்போகும். சொந்த முழங்கால் மாடிப்படி ஏறும்போதெல்லாம் முனகுகிறது. அதை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்ட நேரமில்லை. இந்த நோய்க்கு ஃபான்டஸி ஹொக்கி என்று பெயர்.

நோயின் போக்கைச் சொல்லிவிடுகிறேன். கந்தோரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு கற்பனை அணிக்கு முதலாளி ஆகிறோம். என்ஹெச்எல் என்ற பெரிய லீக்கில் உண்மையாகவே விளையாடுகிறவர்களை முறைவைத்துத் தெரிவு செய்கிறோம். நான் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. அவர் இரவு எட்மன்டனிலோ டாம்பாவிலோ கோல் அடித்தால் ஸ்காபரோவில் பைஜாமாவோடு படுத்திருக்கிற எனக்குப் புள்ளி விழும். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரும் சிநேகிதர்களும் நியூயோர்க்கில் ஓர் உணவகத்தில் கூடி, பேஸ்போலுக்காக இப்படியொரு லீக் தொடங்கினார்கள். அது பிறகு எல்லா விளையாட்டுக்கும் பரவிவிட்டது. எழுத்துக்காரர்கள் கண்டுபிடித்தது என்று பார்த்தவுடனே தெரியும்: வியர்ப்பது ஒருவர், பெருமைப்படுவது இன்னொருவர்.

ஹொக்கி என்றதும் கோவில்பட்டி மைதானத்தை நினைக்கிற வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இது பனிக்கட்டியில் சறுக்கிக்கொண்டு, ரப்பர் வில்லை ஒன்றைத் தடியால் துரத்தி, இடையிடையே முன்பல்லையும் தொலைக்கிற விளையாட்டு.

முதல் தெரிவு கிடைத்தவருக்கு மூளை தேவையில்லை. கொனர் மக்டேவிட்டை எடுத்துவிட்டுச் சாய்ந்து உட்காரலாம். தன் இரண்டாவது சீசனிலிருந்து 2024-25 வரை, அடித்த கோலும் எடுத்துக் கொடுத்த கோலும் சேர்த்து, அவர் 100 புள்ளிக்குக் கீழே இறங்கியது ஒரேயொரு தடவைதான். அதுவும் கொவிட்டால் பாதியில் நின்ற 2019-20-ல், 97. ஆனால் எங்கள் லீக்கில் தெரிவு வரிசை ஒவ்வொரு சுற்றிலும் பாம்புபோல வளைந்து திரும்பும். முதலாவதாக எடுத்தவர் அடுத்த சுற்றில் கடைசி. எட்டாவது, ஒன்பதாவது சுற்று வரும்போது தட்டில் கறிவேப்பிலைதான் மிஞ்சியிருக்கும். அதற்குள் கையை விட்டு ஓர் இறைச்சித் துண்டை எடுக்கிறவர்தான் ஏப்ரலில் கோப்பையோடு படம் பிடித்துக்கொள்வார்.

ரொறன்ரோவில் சீட்டுப் பிடித்த அனுபவம் உள்ள எந்தத் தமிழருக்கும் இந்த வேலை இயல்பாகவே வர வேண்டும். முதல் மாதம் காசை விசிறியடித்துவிட்டு மூன்றாம் மாதம் தொலைபேசி எடுக்காமல் போகிற ஆளை நாங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்போம். பழைய கொரொல்லாவில் வந்து, மழையோ பனியோ, முதலாம் தேதி காசை எண்ணி வைத்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போகிற ஒருவர் இருப்பார். அவருடைய பெயர் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கு வேண்டியது அவர். கஷ்டம் என்னவென்றால், அவர் ஹொக்கி விளையாடினால் அவரைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் பேசாது.

தொலைக்காட்சி பேசுவது சோளப்பொரிபோல வெடிக்கிறவர்களைப் பற்றி. 2005-06-ல் சான் ஹொசே அணியின் ஜொனதன் சீச்சூ 56 கோல் அடித்தார். அந்த வருடம் லீக்கிலேயே அவர்தான் முதல். வடக்கு ஒன்டாரியோவில் மூஸ் ஃபக்டரி என்ற சின்ன இடத்திலிருந்து வந்த க்ரீ இனத்து இளைஞர். நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். அடுத்த சீசனில் 37. பிறகு 23. பிறகு 12. பிறகு 5. இறங்குமுகக் கணக்கில் இவ்வளவு ஒழுங்கை நான் வேறெங்கும் கண்டதில்லை. காயங்கள் அவரைப் படுத்தியது உண்மை. ஆனால் அந்த 56-ஐப் பார்த்த ஃபான்டஸி முதலாளிகள் அதே வருடத்தில் நடந்த இன்னொரு காரியத்தைப் பார்க்கவில்லை. சீசன் நடுவில், நவம்பர் கடைசி நாள், ஜோ தோர்ன்டன் பொஸ்டனிலிருந்து சான் ஹொசேக்கு வந்திருந்தார். அந்த சீசனில் தோர்ன்டன் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்த கோல்கள் 96. விருந்தில் பரிமாறியவர் ஒருவர். நாங்கள் மெச்சியது சாப்பிட்டவரின் பசியை.

சுவீடன்காரர் வில்லியம் கார்ல்சன் கதையும் இப்படித்தான். 2016-17-ல் கொலம்பஸில் 6 கோல். அடுத்த வருடம் லாஸ் வேகாஸில் புதிதாகத் தொடங்கிய அணிக்குப் போய் 43. வேகாஸில் சூதாடாதவருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கும் போலிருக்கிறது. அவர் வலைக்கு அடித்த அடிகளில் 23.4 சதவீதம் உள்ளே போயின. லீக்கின் சராசரி பத்துச் சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதற்கடுத்த வருடம் 24 கோல். அவரை முதல் சுற்றுகளில் எடுத்தவர்கள் இன்றைக்கும் சுவீடன் நாட்டுத் தளபாடக் கடைக்குப் போவதில்லை என்று கேள்வி.

ஆகவே நான் கோலைப் பார்ப்பதில்லை. கோல் கடவுள் கொடுப்பது. வலையை நோக்கி எத்தனை தடவை அடிக்கிறார் என்று பார்ப்பேன், அது அவர் கையில் இருக்கிறது. எதிரணியில் ஒருவன் குறைந்திருக்கும் நேரத்தில் இவரைக் களத்தில் விடுகிறார்களா, பக்கத்தில் சறுக்குகிறவர் யார், ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது, முன்னைய மூன்று வருடம் ஒன்றையொன்று ஒத்திருக்கிறதா. இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். தமிழில். கந்தோர் மேசையில் திறந்தே கிடக்கும். லீக்கை நடத்துகிற கணக்காளர் வந்து எட்டிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போய்விடுவார். இரண்டாயிரம் வருடத்து மொழியால் எனக்குக் கிடைத்த உருப்படியான லாபம் இதுதான்.

ஆனால் எந்தக் கொப்பியும் காயத்துக்கு முன்னால் நிற்காது. என்ஹெச்எல் அணிகள் காயத்தைப் பற்றிப் பேசும் முறை தனிக்கலை. எங்கே அடிபட்டது என்று தெரிந்தால் எதிராளி அங்கேயே இடிப்பான் என்று பயந்து, உடம்பை இரண்டே பாகமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேல் உடம்பு, கீழ் உடம்பு. அவ்வளவுதான். ஒருநாள் நான் கைபேசியைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டபோது மனைவி கேட்டாள்.

"என்னப்பா, ஆருக்கு என்ன?"

"என்ரை டிஃபென்ஸ்காரனுக்குக் காயம். கீழ் உடம்பிலயாம்."

"கீழ் உடம்பெண்டா? காலோ, முழங்காலோ, இடுப்போ?"

"அதைச் சொல்ல மாட்டினம்."

"எப்ப சுகம் வருமாம்?"

"நாளுக்கு நாள் பாப்பினமாம்."

"ஒண்டும் சொல்லாததுக்கு என்னத்துக்கு அறிக்கை? என்ரை மாமி ஒருத்தியை அனுப்பினா அரை மணித்தியாலத்தில எல்லாம் கேட்டுக்கொண்டு வந்திடுவா."

2013 இறுதிப் போட்டியில் பொஸ்டன் வீரர் பட்ரிஸ் பெர்ஜெரான் வைத்தியசாலைக்குப் போனபோது, அவருடைய பயிற்றுநர் இந்த மேல் கீழ் விவரத்தையும் மிச்சம் பிடித்து, 'உடம்புக் காயம்' என்று மட்டும் சொன்னார். பிறகுதான் தெரிந்தது, விலா எலும்பு முறிந்து, குருத்தெலும்பு கிழிந்து, தோள்மூட்டு விலகி, நுரையீரலிலும் துளை. அந்தத் தொடரின் கடைசி ஆட்டத்தை அவர் அப்படித்தான் ஆடி முடித்திருக்கிறார். உடம்புக் காயம் என்றது பொய்யில்லை. ஆன்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வராத ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை என்பதற்கு நிகிடா குச்செரோவ் சாட்சி. 2020-21 சீசன் முழுவதும், 56 ஆட்டங்களும், இடுப்பு அறுவைச் சிகிச்சையால் வெளியே இருந்தார். ஃபான்டஸி லீக்குகள் எல்லாம் முடிந்து, பரிசுக்காசு பிரித்துக் கொடுத்த பிறகு, கோப்பைக்கான பிளேஓஃப் தொடங்கியதும் வந்து இறங்கினார். 32 புள்ளி எடுத்து எல்லாரையும் முந்தினார். அவருடைய டாம்பா அணி கோப்பை வென்றது. அவரைப் பொறுமையாக சீசன் முழுக்க வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது தத்துவம்.

சிட்னி க்ரொஸ்பி கொஞ்சம் சிக்கலான ஆள். 2024-25 உட்பட 20 சீசன்களில் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற சராசரிக்குக் கீழே போனதே இல்லை. முன்னாள் நட்சத்திரம் கிரெட்ஸ்கிக்குக்கூட 19-தான். ஆனால் தலையில் அடிபட்ட பிறகு 2011-12-ல் அவர் ஆடியது 22 ஆட்டம். அந்த 22-இலும் சராசரி பிரமாதம். சராசரி எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அது தானாக எழுந்து வேலைக்கு வராது. ஒவெச்கின் என்ற வீரர் வேறு ரகம். 2024 நவம்பரில் கால் எலும்பு முறிந்து, 16 ஆட்டம் தவறவிட்டு, 39 வயதில் திரும்பி வந்து, வந்த அன்றே ரொறன்ரோவுக்கு எதிராக ஒரு கோல். அந்த சீசனில் மொத்தம் 44. ஏப்ரலில் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையையும் தாண்டினார். இது மனித வகையில் சேராததால் விதி வகுக்க உதவாது.

கோல் காப்பாளர்களைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை, இரத்த அழுத்தம் ஏறும். வின்னிபெக் அணியின் கொனர் ஹெல்லபக் 2024-25-ல் 47 ஆட்டம் வென்று லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதும் எடுத்தார். பிளேஓஃபின் முதல் சுற்றிலேயே, செயின்ட் லூயிஸில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் அவரைப் பாதியில் வெளியே எடுத்தார்கள். ஆனால் எங்கள் லீக் ஏப்ரல் நடுவிலேயே முடிந்துவிடும். ஆகவே அவர் என் கணக்கில் முழு உத்தமர். நம்பகம் என்பது எந்தத் தேதி வரைக்கும் என்பதைப் பொறுத்தது.

இடிகளுக்கும் புள்ளி தருகிற லீக்குகள் உண்டு. எங்களுடையது அதில் ஒன்று. கீஃபர் ஷெர்வுட் என்பவர் 2024-25-ல் வான்கூவருக்காக 462 தடவை மனிதர்களை மோதித் தள்ளினார். கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே சீசனில் அவ்வளவு பேரை ஒருவரும் தள்ளியதில்லை. கோல் வரும், வராது. மோதல் என்பது குணம், அது வற்றாது. எங்கள் உறவினர் வட்டத்திலும் இதைக் கவனித்திருக்கிறேன்.

இப்போது என் குலதெய்வத்துக்கு வருகிறேன். ஃபில் கெசல். 2009-லிருந்து 2015 வரை ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸில் விளையாடினார். கொழுத்த கன்னம், மெலிந்த தலைமுடி, ஓடிவந்து பேருந்தைத் தவறவிட்டவர் போன்ற முகம். தேகப்பயிற்சிக்கும் இவருக்கும் ஆகாது என்று ஊரே பேசியது. 2015-ல் அவரைப் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பியபோது, உள்ளூர்ப் பத்தி எழுத்தாளர் ஒருவர், இந்த ஆள் தினமும் மத்தியானம் தெருவோர வண்டியில் ஹொட் டோக் வாங்கித் தின்கிறவர் என்று எழுதினார். அதைப் பலர் மறுத்தார்கள். ஆனால் ஹொட் டோக் கதைக்கு மறுப்பு எடுபடாது.

அந்த ஹொட் டோக்காரர் 2009 நவம்பரில் லீஃப்ஸுக்காக முதல் ஆட்டம் ஆட இறங்கியவர், அதற்குப் பிறகு ஒரு சீசன் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. ரொறன்ரோ, பிட்ஸ்பர்க், அரிசோனா, வேகாஸ் என்று அணி மாறினார், வரவு மாறவில்லை. 2022 அக்டோபர் 25-ல் கீத் யான்டலின் 989 தொடர் ஆட்டச் சாதனையைத் தாண்டினார். அன்றைக்கே தன் 400-ஆவது கோலையும் அடித்தார். கடைசியில் 1,064-ல் நின்றார். சரித்திரத்தில் அதுதான் அதிகம். இதற்கெல்லாம் முன்னால், முதல் சீசனிலேயே புற்றுநோய் வந்து சுகமானவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டோடு, காலையில் பச்சைச் சாறு குடித்து, யோகா செய்த எத்தனை பேர் அதற்குள் கீழ் உடம்பு, மேல் உடம்பு என்று போய்ச் சேர்ந்தார்கள்!

2022 மார்ச்சில் அவருடைய மனைவிக்குப் பிரசவ நேரம். கெசல் டெட்ராய்ட்டில். ஆட்டம் தொடங்கியதும் அரை நிமிடம் சறுக்கினார், வெளியே வந்தார், விமானம் ஏறி வீட்டுக்குப் பறந்தார். வரவுப் புத்தகத்தில் பெயர் விழுந்துவிட்டது. நான் இதைக் கண்கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பெட்டை அங்கை நோவெடுத்துக் கிடக்க, இவர் அரை நிமிசம் சறுக்கிப்போட்டோ வந்தவர்?" என்றாள் மனைவி. பிறகு கொஞ்சம் யோசித்து, "நீங்கள் சின்னவன் பிறக்கேக்க எங்கை நிண்டனீங்கள்?" என்று கேட்டாள். பேச்சை ஒவெச்கின் பக்கம் திருப்பினேன்.

லீஃப்ஸ் ரசிகர்களுக்குக் கெசலைப் புரியாமல் போனதுதான் எனக்கு வியப்பு. தினமும் காலையில் அவர்கள் கோப்பி வாங்க வரிசையில் நிற்கிற டிம் ஹோர்ட்டன்ஸ் கடை, 1964-ல் அதைத் தொடங்கிய டிம் ஹோர்ட்டன் என்ற லீஃப்ஸ் தடுப்பாட்டக்காரரின் பெயரைத் தாங்குகிறது. அவர் 1961-க்கும் 1968-க்கும் இடையில் 486 ஆட்டங்கள் தொடர்ச்சியாக ஆடியவர். கையில் டோனட் வைத்துக்கொண்டு, ஒழுங்காக வேலைக்கு வந்த ஒருவரின் பெயர் பொறித்த கோப்பையிலிருந்து உறிஞ்சிக்கொண்டு, ஒழுங்காக வேலைக்கு வந்த இன்னொருவரைத் தின்னி என்று திட்டினார்கள். கெசல் ஒன்றும் பேசவில்லை. பிட்ஸ்பர்க் போய் 2016-லும் 2017-லும் ஸ்டான்லி கோப்பை வென்றார். 2017 கோடையில், கோப்பையை வைத்திருக்கத் தன் முறை வந்த நாளில், அதை நிறைய ஹொட் டோக்கால் நிரப்பிப் படமெடுத்துப் போட்டார்.

இந்த வருடத்துத் தெரிவு நெருங்குகிறது. கொப்பி தயார். ஒன்பதாவது சுற்றில் நான் எடுக்கப்போகும் பெயர் சிவப்பு மையில் இருக்கிறது. கெசல் மாதிரியே ஓர் ஆள், ஒருவரும் கண்டுகொள்ளாதவர், ஆட்டத்துக்கு மூன்று தடவை வலைக்கு அடிக்கிறவர். பெயரை இங்கே எழுதிவிடத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் சம்பளப் பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நேற்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். லீக்கில் ஓர் இடம் காலியா என்று கணக்காளரிடம் விசாரித்தாராம். இன்று காலை என் மேசைப் பக்கம் வந்து நின்று, "அண்ணை, எழுத்து நல்ல வடிவா இருக்கு" என்றார்.