ஐந்து டன் வண்டியில் எட்டு டன் கதை

பழைய லாரிக்காரரிடம் போய், "இன்றைக்குக் கொஞ்சம் குளிர் அதிகம், இல்லையா?" என்று கேட்டுவிடாதீர்கள். "இதெல்லாம் ஒரு குளிரா?" என்பார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள். அடுத்த வாக்கியம் 1979ஆம் ஆண்டுக்குள் இறங்கியிருக்கும். அதிலிருந்து உங்களை மீட்க ஒரே வழி அவருக்கு ஒரு போன் வருவதுதான். அதுவும் இன்னொரு பழைய லாரிக்காரரிடமிருந்து வந்தால், பேசி முடித்துவிட்டு, கதையை முதலிலிருந்து தொடங்குவார்.

யாரையும் மனதில் வைத்துக்கொண்டு நான் இதை எழுதவில்லை. இவரைப் போல ஒருவர் ஹாலேயில் என் வீட்டுக்குக் கீழே குடியிருப்பது தற்செயல்.

கதை பெரிய கதையும் இல்லை. 1978 டிசம்பர் 31 அன்று கிழக்கு ஜெர்மனியில் மழை பெய்துகொண்டிருந்தது. சில மணி நேரத்தில் வெப்பநிலை முப்பது டிகிரி போல விழுந்தது. மழை பனியானது, பனி சுவரானது. வேகனில் இருந்த பழுப்பு நிலக்கரி ஈரத்தோடு உறைந்து பாறையாகிவிட்டது. கரி இல்லாததால் மின்சாரமும் போயிற்று. பட்டாளத்தையே சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். இதுவரை சரித்திரம். இதற்குப் பிறகு வருவது நம்மவர். கைசல்தால் பக்கத்திலிருந்து தன் டபிள்யூ-50 லாரியில் கரிக்கட்டி ஏற்றிக்கொண்டு, டீசல் மெழுகாய் உறைந்துபோக, டேங்குக்கு அடியில் புளோ லேம்ப் பிடித்து உருக்கி, விடியும்முன் ஹாலேக்குள் கொண்டுவந்து சேர்த்தார்.

நான் முதன்முதலில் கேட்டபோது அது மைனஸ் 18 டிகிரி, லோடு 5 டன். நல்ல கதை, உண்மையாகவே ரசித்தேன். அடுத்த குளிர்காலத்தில் மைனஸ் 22 ஆயிற்று. லோடும் அரை டன் கூடியது. அதற்கடுத்த முறை வழியில் ஒரு போலீஸ்காரர் சேர்ந்துகொண்டார். அவரும் பிறகு கர்ப்பிணிப் பெண்ணாக மாறி, வண்டியில் ஏறி, ஆஸ்பத்திரியில் இறங்கினார். இப்போது மைனஸ் 30, எட்டு டன். உலகம் முழுக்கச் சூடேறிக்கொண்டிருக்கிறது என்று விஞ்ஞானிகள் கதறுகிறார்கள். இவருடைய 1979 மட்டும் வருஷத்துக்கு வருஷம் குளிர்ந்துகொண்டே போகிறது.

சரிபார்க்கவும் வழியில்லை. அவர் கரி ஏற்றிய கைசல்தால் சுரங்கத்தை 1993இல் மூடிவிட்டார்கள். பிறகு அந்தப் பள்ளத்தில் தண்ணீரை விட்டு நிரப்பி, ஜெர்மனியிலேயே பெரிய செயற்கை ஏரி ஆக்கிவிட்டார்கள். இன்று அங்கே பாய்மரப் படகு ஓடுகிறது. சாட்சிகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில்.

கூட்டாளிகள் இருக்கிறார்களே, அவர்களாவது தட்டிக் கேட்கலாம் அல்லவா? இங்கேதான் இந்த இனத்தின் விசித்திரம். கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் இவர்கள் வண்டிகளோடு கூடுவார்கள். பன்றிக்கறித் தொத்திறைச்சி ஒரு பக்கம் சுட்டுக்கொண்டிருக்கும். சோல்யாங்கா சூப் அண்டாவில் கொதிக்கும். நம்மவர் மைனஸ் 30 என்பார். ஒருவர் முகமும் மாறாது. எட்டு டன் என்பார், தலையாட்டுவார்கள். கர்ப்பிணிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது என்றாலும் வாழ்த்துச் சொல்வார்கள். ஆனால் பேச்சுவாக்கில், "அப்போது என் வண்டி 110 குதிரைசக்தி" என்று சொல்லிவிட்டால் போதும், நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒன்றாக எழுந்துவிடுவார்கள். 110 பழைய என்ஜின், உன்னுடையது 125. 125இல் எந்த இன்ஜெக்டர் பம்ப்? நோர்ட்ஹவுசனிலிருந்து என்ஜின் வந்ததா, மாற்றிப் போட்டதா? கொள்ளளவு 6.56 லிட்டர், நீ ஏன் ஆறரை என்று சொல்கிறாய்?

வண்டி விஷயத்தில் ஒரு மில்லிமீட்டர் பொய் சொல்ல முடியாது. 120 மில்லிமீட்டர் துளை, 145 மில்லிமீட்டர் வீச்சு. அதில் கை வைத்தால் சாதிப்பிரஷ்டம். முதல் வண்டி லுட்விக்ஸ்ஃபெல்டே தொழிற்சாலையை விட்டு வந்தது 1965 ஜூலை 17, கடைசி வண்டி 1990 டிசம்பர் 17. பிள்ளைகளின் பிறந்தநாளைக் கேட்டால் மனைவியைப் பார்ப்பார்கள். இந்த இரண்டு தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்து லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். ஈராக்குக்குப் போனது, அங்கோலாவுக்குப் போனது, வியட்நாமுக்குப் போனது. டபிள்யூ என்றால் வண்டியை வடிவமைத்த வெர்டாவ் ஊர், 50 என்றால் ஐம்பது குவிண்டால், அதாவது 5 டன். பெயரிலேயே 5 டன் என்று எழுதியிருக்கிற வண்டியில் எட்டு டன் எப்படி ஏறியது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். இயந்திரத்துக்கு உண்மை, மனுஷனுக்குச் சலுகை என்று எழுதாத ஒப்பந்தம் போலும்.

இவர்களுக்குள் ஜாதிச் சண்டையும் உண்டு. சிட்டாவ் ஊரில் செய்த ரோபூர் லாரி வைத்திருப்பவர் தனிக் கட்சி. அது காற்றால் குளிரும் என்ஜின், ரேடியேட்டர் கிடையாது.

"உன் வண்டியில் தண்ணி உறைஞ்சுது. என் வண்டியில் உறைய தண்ணியே இல்லையே?" என்பார் ரோபூர்.

"ஆமாம், உன் வண்டியில் டிரைவர்தான் உறைவான்" என்பார் நம்மவர்.

பார்க்காஸ் வேன் கொண்டுவரும் பாவப்பட்ட மனிதர் ஒருவர் உண்டு. மூன்று சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், நீல நிறப் புகை. அவரைப் பார்த்ததும் இரண்டு கட்சியும் கூட்டணி. "வா வா, கொசு மருந்து அடிக்க ஆள் வந்தாச்சு" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பீர் பெட்டியை இறக்குவார். பெட்டியை இறக்குகிற வரைதான் கிண்டல்.

நம்மவருடைய கொட்டகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹாலே என்றால் தமிழனுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது பிராங்கே நிறுவனம். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு இந்த ஊரில் படித்தவர். அவருக்குத் தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்து அனுப்பியதும் இந்த ஊர்தான். நம் ஓலைச்சுவடிகள் இன்றும் இங்கே பத்திரமாக இருக்கின்றன. பிராங்கே நிறுவனத்தில் பழைய அபூர்வப் பொருள் அறை ஒன்று உண்டு. கூரையிலிருந்து ஒரு பாடம் பண்ணிய முதலை தொங்கும். நம்மவர் கொட்டகை அதே அறைதான், முதலைக்குப் பதில் சைலன்சர். ஒவ்வொரு போல்ட்டுக்கும் டப்பா, டப்பாவுக்குச் சீட்டு, சீட்டில் அழகான கையெழுத்து. உலகம் நாளைக்கு அழிந்தாலும், டபிள்யூ-50க்கு இரண்டு கிளட்ச் பிளேட் மிச்சமிருக்கும்.

இதெல்லாம் சரி. எனக்கு உள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை என் அலமாரி ஒன்றும் கட்டிலும் இரண்டு தெரு தாண்டிப் போக வேண்டியிருந்தது. கீழே லாரி நிற்கிறது. லாரிக்காரர் நிற்கிறார். கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இது வரலாற்று வாகனம், எச் எழுத்துப் போட்ட நம்பர் பிளேட், முப்பது வயது தாண்டிய வண்டிக்குத்தான் கொடுப்பார்கள், ஆண்டுக்கு 191 யூரோ 73 சென்ட் வரி, இதைப் போய் வேலை வாங்குவதா என்று விளக்கினார். அந்த 73 சென்ட்டையும் விடவில்லை. மைனஸ் முப்பதில் எட்டு டன் தூக்கிய வண்டி, நல்ல வெயிலில் ஓர் அலமாரியைத் தூக்காது. வாடகை வேன் எடுத்தேன். ஏற்றும்போது பக்கத்தில் நின்று, கயிறு கட்டுவது தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ஜினைச் சூடு பண்ணுகிறேன் என்று அரை மணி நேரம் ஓடவிட்டு, கொடியில் காயும் என் சட்டைக்கெல்லாம் டீசல் வாசனை ஏற்றுவதை மட்டும் வண்டி தாராளமாகச் செய்கிறது.

அவர் மனைவி இந்தக் கூட்டங்களுக்கு உருளைக்கிழங்கு சாலட் செய்து கொண்டுவருவார். ஓரத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார். 1979ஐ எங்கள் எல்லோரையும்விட அதிகத் தடவை கேட்டவர். ஒருமுறை நம்மவர் உற்சாகத்தில், அந்தக் கரியை நொய்ஸ்டாட்டில் வீடு வீடாக இறக்கினேன் என்று சொல்லிவிட்டார். ஊசி நின்றது.

"நொய்ஸ்டாட்டில் எல்லா வீட்டுக்கும் குழாயில் வெந்நீர்ச் சூடு வந்ததே. அங்கே யாருக்கு உன் கரி?"

உண்மைதான். ஹாலே-நொய்ஸ்டாட் என்பது லொய்னா, பூனா ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக 1964இலிருந்து கட்டிய நகரம். ஆயத்தப் பலகைகளால் அடுக்கிய வீடுகள், அடுப்பு கிடையாது. அடுப்பு இருந்தது பழைய ஊரில்தான்.

"அடுப்பு எங்கள் வீட்டில்தான் இருந்தது. நானும் கைக்குழந்தையும் மூன்று நாள் கோட்டைக் கழற்றவில்லை. கரிவண்டிக்காரன் வீட்டுக்குக் கரி வரவில்லை" என்றார். குரலை உயர்த்தவில்லை. மறுபடி பின்னத் தொடங்கினார். ரோபூர்க்காரர், பம்ப் பற்றி ஏதோ கேட்டுப் பேச்சை மாற்றினார். அந்த மூன்று நாளைக்கு மட்டும் நம்மவர் கதையில் இன்றுவரை இடம் கிடைக்கவில்லை.

போன வருஷக் கோடையில் இந்தக் கூட்டத்துக்குச் சரியான ஜோடி கிடைத்தது. நண்பர் ஒருவரின் அப்பா, சங்ககிரிக்காரர், மகன் வீட்டுக்கு வந்திருந்தார். கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்த லாரி வைத்து ஓய்ந்தவர். ஹாலேயில் அவருக்குப் பார்க்க ஒன்றுமில்லை. ஹேண்டல் பிறந்த வீட்டைக் காட்டினோம், "பாட்டுக்காரருங்களா" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். புல்வெளிக்கு அழைத்துப்போனதும்தான் முதுகு நிமிர்ந்தது.

"தம்பி, இந்த மனுசன்கிட்ட சொல்லுங்க. தொப்பூர் கணவாயில ராத்திரி ரெண்டு மணிக்கு, இறக்கத்துல, பிரேக் புடிக்கல."

சொன்னேன். நம்மவர் மைனஸ் 30இல் பதிலடி கொடுத்தார். அதையும் சொன்னேன். பெரியவர், மே மாசம் ஆந்திராவில் டயர் உருகிய கதையை எடுத்துவிட்டார். ஒருவர் சூட்டை ஏற்ற, ஒருவர் குளிரை இறக்க, நடுவில் நான். ஒரு கட்டத்தில் இருவருடைய கதையிலும் அடுத்து வரும் இடத்தை நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன், இருவருக்கும் கோபம்.

சிக்கல் ஒன்று வந்தது. "எங்க வண்டியும் பென்ஸ்தாங்க" என்றார் பெரியவர் பெருமையாக. நம்மவரிடம் சொல்லக் கூடாத பெயர் அது. 1990இல் டபிள்யூ-50 நின்ற பிறகு லுட்விக்ஸ்ஃபெல்டே தொழிற்சாலைக்குள் வந்தது மெர்சிடிஸ்காரர்கள்தான். அமைதியைக் காப்பாற்ற, "லேலண்ட்" என்று மாற்றிச் சொன்னேன். எண்ணூரில் 1951இலேயே லேலண்ட் காமெட் செய்தார்கள், பொருந்தும்தான். ஆனால் பெரியவர் போனிலிருந்து போட்டோவை எடுத்துவிட்டார். மூக்கு வைத்த டாடா லாரி, நெற்றியில் மூன்று முனை நட்சத்திரம். 1954இலிருந்து 1969 வரை ஜாம்ஷெட்பூரில் டாடாவும் டைம்லர் பென்ஸும் கூட்டாகச் செய்த காலத்து வண்டி.

நம்மவர் என்னைப் பார்த்தார். பிறகு போட்டோவைப் பெரிதாக்கினார். நட்சத்திரத்தைத் தாண்டி, கேபினில் அவர் கண் நின்றது. இது என்ன, மரமா என்றார். ஆமாம், கம்பெனி சேஸிஸை மட்டும்தான் கொடுக்கும், கேபின் எல்லாம் சங்ககிரியில் ஆசாரி கட்டியது என்றார் பெரியவர். கதவும் கூரையும் இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து ஓட்டிக்கொண்டா வந்தீர்கள்? ஆமாங்க, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு. வாழ்க்கையில் முதன்முறையாக நம்மவர் 1979ஐ மறந்து ஐந்து நிமிஷம் சும்மா இருந்தார்.

கிளம்பும்போது பெரியவர் கறி சுடுகிற இடத்தில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து டபிள்யூ-50இன் முன் சக்கரத்தடியில் வைத்து, "ஏத்துங்க" என்றார். விளக்கம் கேட்ட நம்மவர், முதலில் டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்தார். பிறகு ஏற்றினார். நசுங்கிய பழத்தைப் போட்டோ பிடித்துக்கொண்டார்.

இந்த வருஷம் முதல் கூட்டத்தில் கதை வளர்ந்திருந்தது. மைனஸ் 32. கைசல்தாலிலிருந்து கிளம்பும் முன், வழித்துணைக்கு, சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தாராம்.

முதன்முறையாகப் புல்வெளியில் கலகம் வெடித்தது. ரோபூர் எழுந்தார். பார்க்காஸ் எழுந்தார். மைனஸ் 32ஐ விழுங்கியவர்கள், எட்டு டன்னை விழுங்கியவர்கள், அடித்தொண்டையில் கத்தினார்கள்: "1979 ஜனவரியில் ஹாலேயில் உனக்கு எலுமிச்சம்பழம் எங்கே கிடைத்தது? எந்தக் கடையில்? யார் கொடுத்தார்கள்? கிறிஸ்துமஸுக்கு கியூபா ஆரஞ்சு வந்ததே, அதற்கே எத்தனை நேரம் வரிசையில் நின்றோம்!"

நம்மவர் சற்று யோசித்தார்.

"சரி, ஆரஞ்சு" என்றார்.

உட்கார்ந்தார்கள்.