அரைக்கால் அங்குலம்

செங்கல்லும் சுண்ணாம்புமாய் எழும்பிய சுவர்களையே தட்டிப் பழகிய என் விரல், நியூ ஜெர்சியில் மகன் வாங்கியிருக்கும் வீட்டின் சமையலறைச் சுவரைத் தட்டியபோது, உள்ளே யாரும் குடியில்லை என்று அறிவிப்பதுபோல் 'டொக்'கென்று ஒரு சப்தம் வந்தது. இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஜிப்சத்தை அடைத்த அரை அங்குலப் பலகையை மரச்சட்டங்களில் முடுக்கிவிட்டு, அதையே சுவரென்று அழைப்பது அந்நாட்டுச் சம்பிரதாயம். 1894-இல் அகஸ்டின் ஸாக்கெட் என்பவர் இவ்வகைப் பலகைக்கு உரிமை பெற்றார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வீடுகள் அவசர அவசரமாக எழும்பிய காலத்தில், சாந்து பூசுகிறவர்களுக்கு க்ஷீணதசை ஆரம்பமாயிற்று.

பலகையில் ஸ்விட்சுப் பெட்டிக்காகத் துவாரம் வெட்டிய புண்ணியவான் தாராள மனசுக்காரர். பெட்டியைச் சுற்றிச் சுண்டுவிரல் நுழையும் சந்து. அந்நாட்டு மின்சார விதி அரைக்கால் அங்குலம் வரையில்தான் க்ஷமிக்கும். மிஞ்சினால் அடைத்தே தீரவேண்டும். இது வெறும் அலங்கார விஷயமன்று. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர் கட்டுண்டு கிடப்பதால், நெருப்புப் பற்றினால் அந்நீர் ஆவியாகிச் சற்று நேரம் தடுத்து நிற்கும். சந்து இருந்தாலோ, பெட்டிக்குள் எழும் பொறி நேரே மரச்சட்டத்திடம் குசலம் விசாரிக்கப் போய்விடும்.

கடையில் சந்தை மறைக்கும் 'ஜம்போ' ஸ்விட்சுத் தகடும், சந்தை அடைக்கும் பொடியும் ஒரே அலமாரியில் சமரசமாக வீற்றிருக்கின்றன. மருமகள் தகட்டின் கட்சி. மகன் இஞ்சினீயராதலால் பொடியின் கட்சி. காலைக் காப்பி யார் கையில் இருக்கிறது என்பதை உத்தேசித்து, மத்தியஸ்தத்துக்கு அழைக்கப்பட்ட நான் மௌனம் சாதித்தேன்.

பொடியிலும் 20 நிமிஷத்தில் இறுகுவது, 45, 90 என்று பேதங்கள் உண்டு. முதலாவது கைதேர்ந்தவர்களுக்கு, மகன் தன் யோக்யதாம்சத்தை உணர்ந்து 90-ஐ எடுத்தான். ப்ரேக்கரை அணைத்து, மின்சாரம் இல்லையென்று டெஸ்டரால் நிச்சயித்துக்கொண்டு, பழைய தகட்டைக் கழற்றி, பிய்ந்து தொங்கிய காகிதத்தைச் சீவி, குழைத்த பொடியைப் பெட்டிக்குள் ஒரு துளியும் சிந்தாமல் சந்தில் திணித்து, வலைநாடாவை ஒட்டி, அதன் மேலும் மெல்லியதாக இழுத்துவிட்டான். மறுநாள் உப்புத்தாளால் தேய்த்தபோதுதான் உற்பாதம்: பருப்பு டப்பாவின் மூடியிலிருந்து என் மூக்குக்கண்ணாடி வரை ஒரே வெள்ளைத் தூள்.

"மாமா, உங்க பிள்ளை வீட்டுக்கே விபூதி பூசிட்டார்" என்றாள் மருமகள்.

இத்தனை பிரயாசைப்பட்டு வழவழப்பாக்கிய பரப்பில் முக்காலே மூன்று வீசம், பழைய தகட்டைத் திரும்ப மாட்டியதும் அதன் அடியிலேயே மறைந்துபோயிற்று. அந்த அநீதியை அவனால் சகிக்க முடியவில்லை. ஆகையால் இப்போதெல்லாம் யார் விருந்துக்கு வந்தாலும், தகட்டைக் கழற்றித் தன் கைவண்ணத்தைக் காண்பிக்கிறான். அதற்காகச் சமையலறையின் மின்சாரம் முழுவதையும் அணைத்துவிடுவதால், வந்தவர்களுக்குக் காப்பி கிடைக்க நேரமாகிறது.