பல்லைப் பாத்து மாடு வாங்காதடா மருமவனே

வாடா மருமவனே, பாஸ்போர்ட்டு வந்துடுச்சாமே! உங்க அம்மா வாயத் தொறக்கல, வல்லம் டீக்கடக்காரன்தான் சொன்னான். வெளிநாடு போனா திரும்பறதில்லன்னு சபதம் வேறயாம். ஊரப் பாக்காமலே குடித்தனம் பண்ணக் கெளம்பிட்ட, கெட்டிக்காரன்தான்.

நம்ம செஞ்சிக் கோட்டையப் பாரு. மராட்டிய ராஜாராம் 1689ல இங்க வந்தான். மறுவருசமே மொகலாயப் படை சுத்தி வளச்சிடுச்சி. கோட்ட விழறதுக்கு 1698 ஆச்சு, ஆனா ராஜாராம் அதுக்கு முன்னாடியே நழுவிட்டான். ராசாவே திரும்பிப் போற வழிய யோசிச்சி வெச்சிருந்தான், நீ ஒத்த டிக்கெட்டு போடறேன்ற!

மாடு வாங்கறவன் பல்லப் பாத்துட்டுப் பணத்த எண்ண மாட்டான், ஏர்ல பூட்டி ரெண்டு சாலு ஓட்டிப் பாப்பான். டூரிஸ்ட் விசான்னா பல்லப் பாக்கறது. மாலு, கடலு, சொந்தக்காரன் வீட்டு பிரியாணி. வாடகையும் தெரியாது, குளுரும் தெரியாது. அந்த விசாவுல வளைகுடாவுக்குப் போயி வேலையும் பாக்கலாம், அப்பறம் மாத்திக்கலாம்னு எவனாச்சும் ஏஜெண்டு சொன்னா, அவன் புள்ளைய மொதல்ல அனுப்பச் சொல்லு. அது குத்தம்டா, புடிச்சா உள்ள வெப்பான். ஏஜெண்டு பதிவு பண்ணவனான்னு கவருமெண்டு ‘இ-மைக்ரேட்’ வெப்சைட்டுல பாத்துக்க.

ஏர்ல பூட்டிப் பாக்கறதுக்கும் விசா இருக்கு. ஆஸ்திரேலியாக்காரன் 2024லேர்ந்து நம்மாளுங்களுக்கு வருசத்துக்கு ஆயிரம் பேருன்னு குலுக்கல் போடறான். பேரு குடுக்க 25 டாலரு. உழுந்தா ஒரு வருசம் தங்கலாம், சுத்தலாம், வேலையும் பாக்கலாம். ரெண்டாவது வருசமும் வேணும்னா, பட்டிக்காட்டுப் பக்கம் மூணு மாசம் தோட்டவேல மாதிரி குறிச்ச வேலைல ஒன்னு செஞ்சிருக்கணும். இங்க மல்லாட்ட புடுங்கக் கூப்புட்டா இடுப்புப் புடிச்சிக்கிற நீ, அங்க பழம் பறிக்கப் போறியே, அந்தக் கண்காட்சிய வீடியோ எடுத்து அனுப்பு, மார்க்கெட் கமிட்டியில மூட்டை எறக்கறவனுக்கெல்லாம் காட்டறன்.

லண்டன்காரனும் மூவாயிரம் பேருக்குக் குலுக்கறான். டிகிரி வேணும், 2,530 பவுண்டு இருபத்தெட்டு நாளு பேங்குல அசையாம கெடக்கணும். ரெண்டு வருசம், அதுக்கு மேல நீட்ட மாட்டான். நல்லதுதான்! நீயே திரும்பி வந்தா ஊருல சிரிப்பானுவ, விசா முடிஞ்சி வந்தா எவனும் சிரிக்க மாட்டான்.

காசுக்கு ஏரிக்கர நெலத்த விக்கலாம்னு உங்கப்பன் காதுல போட்டியாமே? பாத்துட்டு வரப் போறவனுக்கு எதுக்குடா நெலத்த விக்கணும்? விக்கற மாதிரி இருந்தா நீ பாக்கப் போகல, ஓடப் போறன்னு அர்த்தம்.

போனா செல்ஃபி அனுப்பாத. மொத மாசச் சம்பளத்துல வாடக, சோறு, பஸ்ஸு, வரி போக எவ்ளோ நின்னுச்சின்னு எழுது. ஞாயித்துக்கெழம பேச ஆளு இருந்துச்சான்னும் எழுது. அப்பறம் பேசலாம் குடியேறறத.

ஆஸ்திரேலியாக்காரன், லண்டன்காரன் ரெண்டு பேருமே முப்பது வயச தாண்டுனவன சேக்க மாட்டானுவ. உனக்கு இருபத்தொம்போது ஓடுது. இங்க குந்திக்கினு என் வெத்தலையத் தின்னாம, குலுக்கல் எப்பன்னு பாரு போ.