புதையல் கிடைக்காத தோட்டம்

ஜிந்துப்பிட்டியில் நாடகக் கொட்டகை இருந்த காலத்தைத் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். இந்தியக் கம்பனிகள் கப்பலேறி வரும். விடிய விடியப் பாட்டு. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் ஜோடியாகப் பாடியதும் இந்தக் கொழும்பில்தான். கொட்டாஞ்சேனைப் பெரியவர்களுக்கு அதில் இன்னும் பெருமை.

என் மனம் வேறொரு கதையைச் சுற்றுகிறது. குடி ஒரு குடும்பத்தை அழிப்பதைச் சொல்லி, 1860இல் மதுவிலக்குச் சங்கமொன்றின் பரிசு பெற்ற நாவல், திருமதி ஹென்றி வுட் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்'. அதுவே தமிழில் 'பதிபக்தி' நாடகமாகி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பனியின் மேடையேறியது. எஸ். எஸ். வாசனின் 'சதி லீலாவதி' நாவலும் அதே கதை. 1936இல் படமாக வந்தது. 'பதிபக்தி'யையும் 'சதி லீலாவதி'யையும் படமாக்கியவர்கள் வழக்காடியபோது, இரண்டுக்கும் மூலம் அந்த ஆங்கில நாவல்தான் என்று வாசனே சாட்சி சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கதை கைமாறி வந்ததால்தானே எங்கள் தீவும் அதற்குள் வந்தது!

படத்தின் நாயகன் கிருஷ்ணமூர்த்தி, குடிவெறியில் கொலை செய்துவிட்டதாக நம்பி இலங்கைக்கு ஓடிவருகிறான். தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். புதையல் கிடைக்கிறது, ஊர் திரும்புகிறான். இன்ஸ்பெக்டராக வந்த எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். அவரோ கண்டியில் பிறந்தவர்.

தாத்தாவின் அப்பாவும் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவர். கொலைக்குப் பயந்து வரவில்லை, பசிக்குப் பயந்து வந்தார். தோட்டத்தில் அவருக்குக் கிடைத்தது லயத்துக் காம்பரா ஒன்று. 1948இல் வந்த சட்டம் அவர் பிள்ளைகளைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. அந்தப் பகுதிக்குப் பாட்டெழுத எந்தக் கம்பனியும் வரவில்லை.

இன்று வெள்ளவத்தையில் மண்டபங்களுக்குக் குறைவில்லை. ராமகிருஷ்ண மிஷனிலும் தமிழ்ச் சங்கத்திலும் அரங்கேற்றங்கள் நடக்கின்றன, நல்லதுதான். வெளியே காலி வீதிப் புடவைக்கடைகளிலும் சாப்பாட்டுக்கடைகளிலும் மலையகத்துப் பிள்ளைகள் காலையிலிருந்து இரவு வரை நின்றபடி வேலை செய்கிறார்கள். சம்பள நாளில் சாராயம் என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு யாரும் நாவல் எழுதிச் சொல்லத் தேவையில்லை. 'சதி லீலாவதி'யை இசைநாடகமாகக் கொழும்பில் மேடையேற்ற வேண்டும். தோட்டக் காட்சியை அந்தப் பிள்ளைகளே எழுதட்டும், அவர்களே பாடட்டும். கடை அடைக்கிற போயா நாளில் ஒத்திகை வைக்கலாம்.