யாரைக் கேட்டார்கள்?

கேள்வி: ஆண்கள் உரிமை அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களிடம் கணிப்பு நடத்தி, ‘ஆண்களின் கருத்து இதுதான்’ என்கின்றனவே, நம்பலாமா?

பதில்: எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைவிட, யாரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். 1936-இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை நடத்திய அதிபர் தேர்தல் கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பதில் அனுப்பினார்கள். வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. அவரை எதிர்த்த ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். பதில்கள் ஏராளம்; ஆனால் பதில் சொன்னவர்கள் நாட்டின் சரியான மாதிரி அல்ல. விவாகரத்து கோர்ட் வாசலில் நிற்பவரிடம் மட்டும் ‘கல்யாணம் நல்லதா?’ என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

கணிப்பு பிசகலாம், வலி பொய்யில்லை. 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 72 சதவீதம் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மொத்தத்தில் நான்கில் ஒருவர் தினக்கூலி. ‘ஆம்பளை அழக்கூடாது’ என்று வளர்க்கப்பட்டவன் உதவி கேட்கவும் கூசுகிறான்.

இந்த வளர்ப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஏதாவதொரு காரணத்துக்காக மனைவியை அடிக்கலாம் என்றவர்கள் ஆண்களில் 44 சதவீதம், பெண்களில் 45. இரு பாலாரும் ஒரே பாடத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதை அழித்தெழுதப் பெண்களோடு சேர்ந்து நிற்கும் ஆண்கள் அமைப்புக்கு முதல் சந்தா நான் கட்டுகிறேன்.